சம்பளம் இரண்டு வருகிறது, இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இல்லை

மேடவாக்கத்து மருமகள்:

கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. வைகாசியில் நடந்தது. இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். பிடித்தமெல்லாம் போக என் கைக்கு 38,000, அவருக்கு 52,000. தொண்ணூறாயிரமா என்று என் சித்தி வாயைப் பிளக்கிறார். ஆனால் இருபதாம் தேதிக்கு மேல் தண்ணீர் கேன் போடுகிற தம்பிக்கு யார் ஜிபே பண்ணுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் திட்டுவதற்கும் வசதியாக இருக்கும். வாடகையும் மெயின்டனன்ஸும் 15,500. மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட், நெட் எல்லாம் சேர்த்து 14,000. அவர் பெட்ரோலும் என் பஸ், ஷேர் ஆட்டோவும் 5,000. கல்யாணத்துக்காக அவர் பர்சனல் லோன் வாங்கியிருக்கிறார், அதற்கு இ.எம்.ஐ. 11,500. என் படிப்புக் கடனுக்கு 6,200. அவர் ஊருக்கு 10,000 அனுப்புகிறார், நான் அம்மாவுக்கு 5,000. கூட்டிக் கழித்தால் மாதம் 22,800 மிஞ்ச வேண்டும். நான்கு மாதத்தில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அது மொய். அவர் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்யாணத்தில் வந்த மொய் நான்கு லட்சத்துக்குப் பக்கம், அதை மாமனார் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிவிட்டார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து வாரம் ஒரு பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துகொண்டே இருந்தது, காதுகுத்து, கிரகப்பிரவேசம், மொய் விருந்து என்று. "நம்ம கல்யாணத்துக்கு அவங்க எழுதியிருக்காங்க, செய்யாம இருக்க முடியாது" என்கிறார். போன வாரம் அவர் அத்தை பேத்தி காதுகுத்துக்கு 5,000 போனதை அவர் போனில் மெசேஜ் வந்துதான் தெரிந்துகொண்டேன். கேட்டேன். "நீ உங்கம்மாவுக்கு அனுப்புறதை நான் என்னைக்காவது கேட்டேனா" என்றார். அதோடு இரண்டு நாள் பேச்சு இல்லை.

ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கலாமா என்று யோசித்தோம். "அவசரப்படாதே, உன் காசு உன் பேர்லயே இருக்கட்டும்" என்கிறார் என் அம்மா. அவர் அம்மாவும் அவரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. என் நகை 18 பவுன் ஊரில் மாமியார் லாக்கரில் இருக்கிறது. உறவுக்கார மாமா ஒருவர் வரி மிச்சமாகும், பாலிசி எடுங்கள் என்று ஞாயிறுதோறும் வருகிறார். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? மொய்யை யார் கணக்கில் எழுதுவது?


கணக்குப்பிள்ளை:

முதலில் இரண்டு பேரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். 22,800 என்பது நான்கு மாதத்தில் 91,200. அவ்வளவு பணம் காற்றில் கரையாது, எங்கேயோ யூ.பி.ஐ.யில் எழுதித்தான் இருக்கும். மொய்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பது சரியாகவும் இருக்கலாம், பாதிதான் சரியாகவும் இருக்கலாம்.

நாங்கள் வைத்திருப்பது மூன்று கணக்கு. அவரவர் சம்பளக் கணக்கு இரண்டு, வீட்டுக் கணக்கு ஒன்று. உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். வாடகையும் வீட்டுச் செலவும் 29,500. மொய், விசேஷத்துக்கு மாதம் 8,000 தனியாக. ஆத்திர அவசரத்துக்கு 7,500. மொத்தம் 45,000. உங்கள் வருமானத்தில் அது சரியாகப் பாதி, ஆகவே சதவீதக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, சம்பளம் வந்த அன்றே ஆளுக்குப் பாதியை வீட்டுக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், அவர் 26,000, நீங்கள் 19,000. மாதாமாதம் பணம் தானாகவே போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிட்டால் மறக்கவும் மறக்காது. மீதிப் பாதியில் அவரவர் கடன், அவரவர் பெற்றோர், அவரவர் டீக்காசு. அதில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கக் கூடாது.

மொய்யை மாதாமாதம் எடுத்து வைப்பதுதான் முக்கியம். எல்லா மாதமும் விசேஷம் வராது, வரும் மாதத்தில் மூன்றாக வரும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து நம்மைக் கவிழ்ப்பதைப் போலத்தான்.


ஒரே உண்டியல்:

கணக்குப்பிள்ளை சார் போட்ட கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன். அவர் சொன்னபடி செய்தால் கணவரிடம் மிஞ்சுகிற 26,000-இல் லோன் 11,500, ஊருக்கு 10,000 போக 4,500. பெட்ரோல் அடித்துவிட்டு ஒரு சட்டை எடுக்கக்கூட யோசிக்க வேண்டும். உங்களிடம் 7,800. மூன்றாவது மாதமே அவர் முகம் மாறிவிடும், வாயால் சொல்ல மாட்டார்.

அது என்ன அவருடைய கடன்? கல்யாணத்துக்கு வாங்கிய லோன்தானே. மேடையில் இரண்டு பேரும்தானே உட்கார்ந்திருந்தீர்கள். அதைப் போல உங்கள் படிப்புக் கடனும். அந்தப் படிப்பால் வருகிற 38,000 இந்த வீட்டுக்குத்தானே வருகிறது. இரண்டு கடனையும் பொதுவில் போடுங்கள். இரண்டு பெற்றோருக்கும் அனுப்புவதையும் வாடகைக்கு அடுத்த வரியாக எழுதுங்கள். வாடகை ஏன் கொடுத்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை பாருங்கள், அந்த மாதிரி. 10,000-க்கும் 5,000-க்கும் ஏன் வித்தியாசம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், எந்த வீட்டில் மருந்துச் செலவு அதிகம், எந்த வீட்டில் பென்ஷன் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அது.

மிஞ்சுகிற 22,800-இல் மொய்க்கு 8,000, அவசரத்துக்கு 7,500, கைச்செலவுக்கு ஆளுக்குச் சமமாக 3,650. சம்பளம் அதிகம் வாங்குகிறவருக்குக் கைக்காசு அதிகம் என்றால் அது திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம் எடுத்த கதை, குடும்பம் இல்லை.

இன்னொன்று. நாளைக்குக் குழந்தை பிறக்கும். சம்பளத்தோடு பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதற்கு மேல் வீட்டில் இருக்க வேண்டி வந்தால் உங்கள் பாதி பூஜ்யம் ஆகிவிடும், அன்றைக்குப் போய் அவரிடம் கை நீட்ட வேண்டிய நிலையை இன்றைக்கே ஏற்பாடு செய்து வைக்காதீர்கள். என் மனைவி ஒன்றரை வருடம் வேலையில் இல்லாதபோது எங்கள் வீட்டில் பணப் பேச்சே எழவில்லை, ஏனென்றால் முதலிலிருந்தே யாருடையது என்ற பேச்சு இல்லை.


கணக்குப்பிள்ளை:

கல்யாணக் கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே கணக்கு எல்லோருக்கும் ஒத்துவராது. பிறந்தநாளுக்கு வாட்ச் வாங்கினால் அடுத்த நொடியே விலையோடு அவர் போனுக்கு மெசேஜ் போகும்.


பேராவூரணிக்காரன்:

தங்கச்சி, நான் அந்த ஊர்க்காரன்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மொய்யை நீங்கள் செலவு என்று நினைக்கிறீர்கள், மாப்பிள்ளை மரியாதை என்று நினைக்கிறார், இரண்டும் இல்லை, அது கடன். வட்டி இல்லாத, தேதி போடாத கடன். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய்க்காகவே பந்தல் போட்டுக் கறிவிருந்து வைப்பார்கள், அதில் வந்ததை வைத்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள், கடை வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை எல்லாம் சாய்ந்தபோது வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் பலர் தவித்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அது சும்மா விளையாட்டு இல்லை.

முதல் வேலை, மாமனாரிடம் இருக்கிற மொய் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாருங்கள். கேட்கும்போது "கணக்குப் பார்க்கணும்" என்று கேட்காதீர்கள், "நாங்க செய்ய வேண்டியதை விட்டுப்போகாமச் செய்யணும் மாமா, எழுதிக்கிட்டு வர்றோம்" என்று கேளுங்கள், அவருக்கு அது பெருமையாக இருக்கும்.

அந்த நோட்டில் சிலர் பேருக்குப் பக்கத்தில் பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கும். ஒருவர் 5,000 எழுதியிருக்கிறார், அதில் 2,000 உங்கள் மாமனார் முன்பு அவர் வீட்டில் செய்தது என்றால் அது திரும்பி வந்துவிட்டது, அதோடு சரி. நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கி 3,000 மட்டும்தான். பல புதுமாப்பிள்ளைகள் இது தெரியாமல் 5,000-த்துக்கு 6,000 எழுதிவிட்டு வருகிறார்கள். அந்தக் கூடுதல் மறுபடி அவர்கள் தலையில் கடன், அவர்கள் இன்னும் ஏற்றித் திருப்புவார்கள், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்ற வேண்டாம் என்று நினைக்கிற இடத்தில் சரியான பாக்கியை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கு முடிந்தது என்று அவர்களுக்கே புரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். மாமனாரின் பங்காளிகள், அவர் ஊர் வழக்கத்தில் வந்தவர்கள் எழுதியது அவர் பாடு. நாற்பது வருடமாக அவர் ஓட்டுகிற கணக்கு அது, அதில் நீங்கள் புகுந்தால் அவருக்கும் பிடிக்காது. உங்கள் ஆபீஸ் நண்பர்கள், மாப்பிள்ளை கூடப் படித்தவர்கள், உங்கள் வீட்டார் எழுதியது உங்கள் பாடு. நடுவில் மாமன் மச்சான் உறவு கொஞ்சம் இருக்கும், அதைப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். மாமனாரால் முடியாமல் போனால் நீங்கள் கை கொடுப்பது வேறு, மொத்த நோட்டையும் தூக்கி உங்கள் தலையில் வைப்பது வேறு.

இப்போது புரட்டாசி, பத்திரிகை அவ்வளவாக வராது. ஐப்பசிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.


கவுன்ட்டர் நம்பர் மூன்று:

நான் வங்கியில் இருக்கிறேன். தினமும் பார்க்கிற சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஜாயின்ட் அக்கவுன்ட் படிவத்தில் எப்படி இயக்குவது என்று ஒரு கட்டம் இருக்கும். புதுத் தம்பதிகள் பாதிப் பேர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். "ஐதர் ஆர் சர்வைவர்" என்று டிக் பண்ணினால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் தொடரலாம். "ஜாயின்ட்லி" என்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையெழுத்தும் வேண்டும், ஒருவர் வெளியூரில் இருந்தால் சிரமம். வீட்டுச் செலவுக் கணக்குக்கு முதலாவதே போதும். இரண்டு பேர் போனிலும் மெசேஜ் வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள்.

நாமினி. கல்யாணத்துக்கு முன்பு போட்ட நாமினேஷன் எல்லாவற்றையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், பி.எஃப்., கிராஜுட்டி, பேங்க், எல்லாம். பி.எஃப்.பில் ஆன்லைனிலேயே புதிதாகப் போடலாம். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம், ஆகவே அம்மாவா மனைவியா என்ற சண்டை இனிமேல் தேவையில்லை. அப்புறம், நாமினி என்றால் பணத்தை வாங்கிக் கொடுக்கிற ஆள், அவரே சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை. இந்து வாரிசுச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் மூவருக்கும் பங்கு உண்டு. தந்தை அந்த முதல் வரிசையில் இல்லை, பல பேருக்கு இது தெரியாது.

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டீர்களா? தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டால் இன்னும் 60 நாள் தாமதக் கட்டணத்தோடு. நான்கு மாதம் என்கிறீர்கள், ஆக உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் ஒருவரை ஒருவர் சேர்ப்பதற்கும் நாள் கணக்கு வைத்திருப்பார்கள், நாளைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள்.

பாலிசி மாமாவுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு வருடம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை, உங்கள் இருவர் சம்பளமும் அதற்கு வெகு கீழே. பழைய முறைக்குப் போனால்தான் பாலிசிப் பணத்துக்கு வரிக் கழிவு, அதற்காக வரி மிச்சம் என்று இருபது வருடத்துக்கு மாட்டிக்கொள்ள வேண்டாம். வேண்டியது டெர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் உயிருக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது, அதுவும் இரண்டு பக்கமும் பெற்றோர் உங்களை நம்பி இருப்பதால் இரண்டு பேருக்குமே. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது.

நகை. சீதனமாக வந்த நகை பெண்ணுக்கே சொந்தம், அது யார் லாக்கரில் இருந்தாலும் சரி. உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அதற்காக மாமியாரிடம் சட்டம் பேசப் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து எடையோடு எழுதி வையுங்கள், தை மாதம் ஊருக்குப் போகும்போது இங்கே உங்கள் பேரில் லாக்கர் எடுத்திருக்கிறோம் என்று சொல்லி வாங்கி வாருங்கள். பர்சனல் லோன் வட்டி பெரும்பாலும் வங்கி நகைக் கடன் வட்டியைவிட அதிகம்தான், ஆகவே நகையை வைத்து அந்த லோனை முடிப்பது கணக்கில் லாபம். ஆனால் அதை நீங்களே உங்கள் வாயால் சொன்னால்தான், அவர் கேட்டு நீங்கள் கொடுப்பது வேறு விஷயமாகிவிடும். லோனை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டா என்பதையும் பாருங்கள்.


பழைய டைரி:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கல்யாணம் 1991-இல். அவர் சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுப்பார், நானும் டைரியில் வெண்டைக்காய் இரண்டு ரூபாய் வரைக்கும் எழுதுவேன். வெளியே பார்த்தால் ஒரே உண்டியல்தான்.

ஆனால் கண்ணு, நான் அதிலிருந்து உருவி உருவித் தெருவில் ஒருத்தர் நடத்திய ஏலச் சீட்டில் கட்டினேன். பதிவு எதுவும் இல்லாத சீட்டு, ஒரு நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். அம்மா சொல்லிக்கொடுத்தது, ஆம்பளைக்குத் தெரியாமல் நாலு காசு வைத்துக்கொள் என்று. 98-இல் அந்த ஆள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். என் பணம் 40,000 போனது. தெருவே அழுதது, நான் மட்டும் அழ முடியவில்லை, ஏனென்றால் எனக்குச் சீட்டே கிடையாதே. மூன்று வருடம் டைரியில் மளிகையைக் கூட்டி எழுதி அந்த ஓட்டையை அடைத்தேன். அவர் ஒருநாள் துவரம்பருப்பு விலையைக் கடையில் கேட்டுவிட்டு வந்து டைரியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கவரைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

உன் பேரில் காசு இருக்கட்டும், அம்மா சொன்னது தப்பில்லை. பாஸ்புக்கை மட்டும் அவர் பாஸ்புக் இருக்கிற அதே டிராயரில் போட்டு வை.


மேடவாக்கத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பழைய டைரி அம்மா எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன், அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்ட் எடுத்து உட்கார்ந்தோம். 91,200-க்குக் கணக்குப் பார்த்ததில் மொய் 46,500. அதில் அவர் பக்கம் 34,000, என் பக்கம் 12,500, ஆபீஸ் தோழி கல்யாணம், பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் என் போனிலிருந்து போனது எனக்கே ஞாபகமில்லை. ஊருக்குப் போய்வந்தது, புடவை, வேட்டி 13,000. வெளியே சாப்பாடு ஆர்டர் பண்ணியது 22,000, பெரும்பாலும் என்னுடைய ஆர்டர், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது சமைக்கத் தெம்பில்லை. மீதி 9,700 எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை. அவர் பெட்டிக்கடை என்கிறார், நான் அவருடைய கிரிக்கெட் பேட் என்கிறேன்.

முடிவெடுத்தது இதுதான். சம்பளக் கணக்கு அவரவரது இருக்கும், வீட்டுக் கணக்கு புதிதாக ஒன்று, ஐதர் ஆர் சர்வைவர். இரண்டு கடனும் பொதுவில். கைக்காசு ஆளுக்கு 3,500, மாதம் மிஞ்சுகிற 300-க்கு ஐஸ்கிரீம். மொய் 8,000, அவசரத்துக்கு 7,500 தனியாக. பெற்றோருக்கு அனுப்புவது இரண்டும் வீட்டுக் கணக்கிலிருந்தே போகும், ஆனால் அவர் வீட்டுக்கு நான் அனுப்புகிறேன், என் அம்மாவுக்கு அவர் அனுப்புகிறார். இது அவருடைய யோசனை. முதல் தடவை பணம் வந்ததும் என் அம்மா பதறிப்போய் போன் பண்ணி, "ஏன்டி, உனக்கு வேலை போயிடுச்சா?" என்று கேட்டார்.

பதிவு வேலைக்கு வரும் வியாழன் இரண்டு பேரும் லீவு போட்டிருக்கிறோம். மாமனார் நோட்டைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் போட்டோ எடுக்க விடவில்லை, உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். 212 பேர். பேராவூரணி அண்ணா, பழையது புதியது பிரித்து எழுதாமல் வெறும் தொகை மட்டும் போட்டிருக்கிற பேர் முப்பது நாற்பது இருக்கும் போல, அவர்களுக்கு என்ன செய்வது?


பேராவூரணிக்காரன்:

மாமியாரைக் கேளுங்கள் தங்கச்சி. நோட்டில் இல்லாதது எல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.